வாடைக்காற்றும் வானத்துப் பட்டங்களும்

எமது கடற்றொழிலாளர் காற்றைத் திசைக்கொரு பெயர் சூட்டி அழைப்பர். வடக்கிருந்து வருவது வாடை. கிழக்கிருந்து வருவது கொண்டல். தெற்கிருந்து வருவது சோளகம். மேற்கிருந்து வருவது கச்சான். படகு தள்ளுவோர்க்கு இந்நான்கும் நான்கு குணமுடைய உறவினரைப் போல்வன. யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்கோ இவற்றுள் வாடைமீதே தனிப் பற்று. மார்கழி மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வடகீழ்ப் பருவக்காற்று நின்று நிதானமாக வீசத் தொடங்கியதும் அவன் கண் நிலத்தை விட்டு மேலே போய்விடும். தையில் அரிவு வெட்டு முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். ஓடுவதற்குத் தரை, ஏற்றுவதற்குக் காற்று, ஏறுவதற்கு வானம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்க்கும் பருவம் ஆண்டில் இஃதொன்றே.

இதே தீவின் தென்பாகத்தில் நிலைமை வேறு. அங்கே தென்மேல் பருவக்காற்று வலுக்கும் ஆடி, ஆவணி மாதங்களிலேதான் கொழும்புக் காலிமுகத்திடலில் பட்டங்கள் நிறைந்திருக்கக் காணலாம். ஒரு நாட்டிலே இரு காற்று, இரு பருவம். பொழுதுபோக்கு மட்டும் ஒன்று. சிங்களத்திற் பட்டத்தைச் 'சருங்கலய' என்பர். தமிழ் எழுதுவினைஞர் ஒருவரின் வாழ்வைப் பொருளாகக்கொண்டு, காமினி பொன்சேகா அப்பாத்திரமேற்று நடித்து, 1979ஆம் ஆண்டில் வெளிவந்த சிங்களத் திரைப்படத்திற்கு அச்சொல்லையே தலைப்பாக்கினார்கள் என்பதை வாசகர் சிலர் நினைவுகூர்வர்.

பெயரைப்பற்றி இன்னுமொரு சொல். தமிழகத்தார் இதனைக் காற்றாடி என்பர். நமது ஊரில் காற்றாடி என்றால் ஓலையில் மடித்து ஈர்க்கிற் குத்திச் சுழலவிடும் விளையாட்டுப் பொருளே நினைவுக்கு வரும். வானில் ஏறுவது பட்டம். அதனைத் தமிழகத்தார் 'விடுவர்', நாம் 'ஏற்றுவோம்'. இச்சொல் வேறுபாட்டில் ஒரு நயமுண்டென்பது என் எண்ணம். விடுவது என்றால் கைநழுவ விடுவதும் ஆகலாம். ஏற்றுவது என்பதிலே ஏற்றுபவனின் உழைப்பும் தெரிகிறது.

அந்த உழைப்பு நூலைப் பிடிப்பதில் தொடங்குவதில்லை. சலாகை சீவுவதிலே தொடங்குகிறது. சிறுவருடைய கைக்கு ஈர்க்குப் போதும். சற்று வளர்ந்தவன் மூங்கிலையோ கமுகஞ் சலாகையையோ தேடுவான். சலாகை இருபுறமும் ஒத்த பாரமாக இருத்தல் வேண்டும். நடுவிலே நூலில் தூக்கிப் பார்த்து, தாழும் பக்கத்தை மெல்லச் சீவிச் சீவிச் சமன் செய்வார்கள். என் தாய்மாமனார் இவ்வேலையிற் கெட்டிக்காரர். சலாகையை விரல்நுனியிற் கிடத்தி, ஒரு கண்ணை மூடி, "தம்பி, இதிலை ஒரு மயிர்கனம் கூடினாலும் அங்கை மேலை போய்ச் சொல்லிக் குடுத்திடும்" என்பார். தராசின் தத்துவத்தை நான் முதன்முதலிற் கற்றது கல்லூரி ஆய்வுகூடத்திலன்று. அவருடைய மாட்டுக்கொட்டில் திண்ணையிலேதான்.

கடதாசி ஒட்டுவதற்குக் கடைப் பசை தேவைப்படாது. நறுவிலிப் பழத்தின் பிசின் இருந்தது. அஃதில்லையேல் கோதுமை மாவைக் காய்ச்சிய பசை. வர்ணக் கடதாசிக்குக் காசில்லாதவன் பழைய பத்திரிகையை ஒட்டுவான். பாரமான அந்தத் தாள் ஏறுவதற்குச் சற்று வலுத்த காற்று வேண்டும். ஆயினும், தலைவர்களின் படங்களும் மரண அறிவித்தல்களும் சேர்ந்து வானில் ஏறுகின்ற காட்சி அலாதியானது.

பட்டத்தின் வகைகளைச் சொல்லப்புகின் முடிவில்லை. கொக்கு, பிராந்து, வௌவால், பாம்பு, பெட்டி, எட்டுமூலை என உருவத்துக்கேற்ற பெயர்கள். எட்டுமூலைப் பட்டம் அடக்கமானது. வால் நீளமாயிருந்தால் எக்காற்றிலும் நிற்கும். கொக்கும் பிராந்தும் அழகு மிக்கவை, ஆனால் செய்பவனின் கைத்திறனை ஈவிரக்கமின்றிச் சோதிப்பவை. எவ்வகையானாலும் உயிர்நிலை முச்சையிலே இருக்கிறது. பட்டத்தின் முகத்திலிருந்து வரும் நூல்கள் ஒன்றுகூடும் முடிச்சுக்கு முன்னே, மேல்நூல் எவ்வளவு, கீழ்நூல் எவ்வளவு என்பதைக் கொண்டே அது காற்றை எந்தச் சாய்வில் எதிர்கொள்ளும் என்பது தீர்மானமாகிறது. மேல்நூலைக் குறுக்கினால் பட்டம் காற்றுக்குப் பணிந்து படுக்கும். பலத்த காற்றுக்கு அது பொருந்தும். நீட்டினால் நெஞ்சை நிமிர்த்தும். அளவு மீறி நிமிர்த்தினாலோ ஏறவே மறுக்கும். பட்டம் ஒரு பக்கமாகச் சுற்றிக் குத்தினால் முச்சை கோணலென்று பொருள், அல்லது வால் போதாதென்று பொருள். கரும்பலகையில் விசைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் ஆசிரிய நண்பர்கள், ஒரு மாலையில் மாணவரை வயலுக்கு அழைத்துச்சென்று ஒரு முச்சையை அவிழ்த்துக் கட்டிக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இனி விண்ணைப்பற்றிச் சொல்லவேண்டும். இதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்றாலும் பொய்யாகாது. விண் என்பது பட்டத்தின் தலைப்பக்கத்திற் கட்டப்படும் ஒரு வில். வில்லின் இரு நுனிகளுக்குமிடையே நாண் போலத் தட்டையான ஒரு நாரை இழுத்துக் கட்டுவர். முன்னாளில் அது பனைமட்டையில் உரித்து, கண்ணாடித் துண்டால் வழித்து மெலிதாக்கிய நார். பின்னாளில் பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்ரிக் நாடா அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. காற்று அந்நாடாவின் விளிம்பில் மோதும்போது அது துடிதுடித்து ஒலிக்கும். நார் அகலமாயும் தளர்வாயும் இருந்தால் கனத்த குரல். ஒடுங்கி இறுகியிருந்தால் கீச்சுக்குரல். விண் 'கூவுகிறது' என்பதே நம்மவர் வழக்கு. நல்ல விண் கூவும்போது ஒரே சுருதியில் நில்லாது, காற்று ஏற ஏறத் தானும் ஏறி, தணியத் தானும் இறங்கி, தம்பூராவுக்கும் தேன்வண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இசையாக மிதந்து வரும்.

மாலையில் ஏற்றிய விண்பட்டத்தை இறக்கமாட்டார்கள். பனையிலோ பூவரசிலோ கயிற்றைக் கட்டிவிட்டு வீடு போய்விடுவார்கள். இரவு முழுவதும் அது கூவிக்கொண்டிருக்கும். ஊர் அடங்கிய பின் பாயிற் படுத்திருந்து, இது கிழக்கு ஒழுங்கைக்காரரின் விண், அது சந்தியடிப் பெடியன்களின் விண் என்று குரலைக்கொண்டே ஆளை அடையாளங் காண்போம். நள்ளிரவில் ஒரு குரல் சட்டென்று நின்றுவிட்டால் காற்றுப் போயிற்று, அல்லது கயிறு அறுந்தது. மறுநாட் காலை சிறுவர் கூட்டமொன்று வேலிக்குமேலாக எட்டிப் பார்த்தபடி தெற்கு நோக்கி நடப்பதைக் கண்டால் நடந்தது எதுவென்று விளங்கிவிடும். வாடையில் அறுந்தது தெற்கேதானே விழும்? அந்த அளவுக்குப் புவியியல் எல்லார்க்கும் தெரிந்திருந்தது. நோயாளி இருந்த வீட்டார் மட்டும் விண்ணைச் சபித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

நிற்க. பட்டம் என்றதும் இன்று யாவரும் கைநீட்டுவது வல்வெட்டித்துறையையே. தைப்பொங்கல் நாளில் அவ்வூர் உதயசூரியன் கடற்கரையில் ஆண்டுதோறும் நிகழும் பட்டப் போட்டியைக் காண ஆயிரக்கணக்கானோர் திரளுகின்றனர். கப்பல், தேர், விலங்கு, பறவை, எந்திரம் எனக் கண்டதெல்லாம் பட்டமாகி ஏறுகின்றன. இறகடிக்கும் பறவையும் சில்லுருளும் வண்டியும் வானிலேயே அசைந்து காட்டுகின்றன. பொழுதுபட்ட பின் மின்விளக்குப் பூட்டிய பட்டங்களும் எழுகின்றன. இத்திறன் திடீரென்று முளைத்ததன்று. பாயும் கயிறும் காற்றும் அவ்வூரவர்க்குத் தலைமுறைச் சொத்து. அங்கே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, வல்வை மாலுமிகள் செலுத்த அத்திலாந்திக்கைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாய்க்கப்பல்களின் காலம் போயிற்று. பாய் விரித்த கை பட்டத்தை விரித்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. வரலாற்றாசிரியர் இதனை ஏற்பார்களோ என்னவோ!

இதே பொங்கல் நாளை மகர சங்கிராந்தியாகக் கொண்டாடும் குஜராத்தியரும் அன்று வீட்டு மாடிகளில் ஏறிப் பட்டம் விடுகின்றனர். ஆனால் அங்கே ஒருவன் நூலை மற்றவன் அறுப்பதே விளையாட்டு. அதற்கென்றே நூலிற் கண்ணாடித்தூள் பூசுவார்கள். பறவைகளும் வழிப்போக்கரும் அதனாற் படும் காயங்கள் கொஞ்சமல்ல. நமது மரபு அறுப்பதில் நாட்டங்கொண்டதன்று. யாருடையது உயரம், யாருடையது அழகு, யாருடைய விண் இனிது என்பதே நமது போட்டி.

அதற்காக நமது பட்டத்தில் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 2021ஆம் ஆண்டு மார்கழியில் பருத்தித்துறைப் பகுதியில் இளைஞர் சிலர் கூடிப் பெரும்பட்டமொன்றைத் தடித்த கயிற்றில் ஏற்றினர். இழுவை மிகுந்ததும் ஏனையோர் கையை விட்டுவிட, விடாது பற்றியிருந்த ஒருவர் பனையுயரத்துக்குத் தூக்கிச்செல்லப்பட்டார். கீழே நின்றோர் கூக்குரலிட, பட்டம் சற்றுத் தாழ்ந்தபோது கையை விட்டு விழுந்து, தெய்வாதீனமாக உயிர் தப்பினார். அக்காணொளியை உலகமே பார்த்து வியந்தது. சிலர் நகைக்கவும் செய்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவனுக்கு இக்கணக்கைக் காற்று முன்னறிவித்துச் செய்வதில்லை.

மனிதனைப் பட்டம் தூக்கும் என்பது அறிவியலுக்குப் புதிதுமன்று. பெட்டிப் பட்டத்தை 1893இல் ஆக்கிய லோரன்ஸ் ஹார்கிரேவ் என்னும் அவுஸ்திரேலியர், 1894 நவம்பர் 12ஆந் திகதி ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பூட்டி, தாமே அவற்றின் கீழிருந்து 16 அடி உயரம் எழுந்தார். ஆனால் அவர் கயிற்றை நிலத்திற் பாரத்தோடு பிணைத்து, இழுவையையும் காற்றையும் அளந்துகொண்டே எழுந்தார். விமானத்துக்கு வழிகாட்டிய முயற்சிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் 1901 டிசம்பரில் மார்க்கோனி நியூபவுண்லாந்தில் அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த கம்பியில்லாத் தந்திச் சமிக்ஞையைக் கேட்டதும் பட்டமொன்று தூக்கிப் பிடித்த கம்பியின் துணைகொண்டே. 'பட்டம் ஏற்றித் திரிகிறான்' என்று பிள்ளையைப் பழிக்கும் பெற்றோர் இவ்விருவரையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

பழைய நூலின் இடத்தில் இப்போது தங்கூசி வந்துவிட்டது. பருத்தி நூல் அறுந்துவிடும். தங்கூசி அறாது, கண்ணுக்கும் தெரியாது. வீதிக்குக் குறுக்கே தாழ்ந்து கிடக்கும் தங்கூசி சைக்கிளில் வருபவனின் கழுத்தை என்ன செய்யும் என்பதை விவரிக்க விரும்பவில்லை. மின்கம்பிக்கு அருகிலும் விமானம் இறங்கும் வழியிலும் பட்டம் ஏற்றலாகாது என்பதைச் சிறுவர்க்குச் சொல்லவேண்டியவர்கள், பட்டமே கூடாது என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். இது சோம்பலான அறிவுரை. தை மாதத்து மாலை நாலரை மணிக்கு மேலதிக வகுப்பில் அடைபட்டு, யன்னலுக்கு வெளியே வாடை வீணே போவதைப் பார்த்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் நாம் எதைப் பறித்துக்கொண்டோம் என்பதைப் புலமைப்பரிசில் முடிவுகள் காட்டமாட்டா.

இன்னுமொரு மனக்குறையும் உண்டு. பெரும்போட்டிகள் வளர வளர, மாதக்கணக்கில் குழுவாக உழைத்துச் செய்யும் பட்டங்களின் முன்னே சிறுவனுடைய ஈர்க்குப் பட்டம் வெட்கி நிற்கிறது. அவன் பார்வையாளனாகிவிடுகிறான்; அல்லது கடையில் பிளாஸ்ரிக் பட்டத்தை வாங்கி, முச்சை இன்னதென்று அறியாமலே ஏற்றி, கிழிந்ததும் எறிந்துவிடுகிறான். விழா நடத்துவோர் சிறுவர் தம் கையாலேயே செய்த பட்டங்களுக்கும், விண்ணின் குரலுக்கும் தனித்தனியே பரிசு வைத்தால் மிக நன்று. குரலுக்குத் தீர்ப்பளிக்க நாதஸ்வர வித்துவான் ஒருவரை அழைக்கலாம். நான் இதனை விளையாட்டாகச் சொல்லவில்லை.

பனைநாரில் விண் வழிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். நார் உரிக்கும் பக்குவம் எழுத்தில் அடங்காது. மட்டையின் முற்றலை நகத்தால் கீறிப் பார்த்தே அறிதல் வேண்டும். அடுத்த மார்கழி பிறக்குமுன் ஓர் ஓய்வுநாளில், ஒரு கத்தியும் ஓர் உடைந்த போத்தற் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, ஆசிரியர் எவரேனும் தம் மாணவர் நால்வரை அத்தகைய ஒருவரின் வாசலுக்கு அழைத்துச் செல்வாரானால், அவர் பாக்குவெட்டியை ஒருபுறம் வைத்துவிட்டு, "வாருங்கோ பிள்ளையள், முதல்லை மட்டையைக் கொண்டு வாருங்கோ" என்றுதான் சொல்வார்.