கார் ஏன் குலுங்குகிறது?

சிக்னலில் கார் நிற்கிறது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசனம் அதிர்கிறது. கண்ணாடியில் தெரியும் பின்னால் நிற்கிற பஸ் நடுநடுங்குகிறது. மடியிலிருக்கும் டிபன் பாத்திரத்தின் மூடி தாளம் போடுகிறது. “வண்டிக்கு வயதாகிவிட்டது. வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்” என்கிறார் வீட்டுக்காரர்.

சகோதரிகளே, அவசரப்பட்டு விற்க விடாதீர்கள்! வயதானது வண்டிக்கல்ல, அதற்குள் இருக்கும் சில ரப்பர்க் கட்டிகளுக்காக இருக்கலாம்.

உங்கள் மிக்ஸியின் அடியைப் பாருங்கள். ரப்பர்க் கால்கள் இருக்கும். அவை தேய்ந்துவிட்டால் மிக்ஸி மேடையெல்லாம் நகர்ந்து நாட்டியமாடும். காரிலும் இதே கதைதான். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கி நிற்கும் ரப்பர்க் கட்டிகளை ‘மவுண்டிங்’ என்பார்கள் மெக்கானிக்குகள். இரும்புத் தகட்டோடு ரப்பரை ஒட்டிச் செய்தவை அவை. எஞ்சினின் பாரத்தைச் சுமப்பதோடு, அதன் அதிர்ச்சி நம்மிடம் வராமல் விழுங்கிக்கொள்வதும் அவற்றின் வேலை.

இந்த யோசனையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி. 1931-ல் வந்த பிளிமத் காரில் எஞ்சினை ரப்பரின் மீது உட்கார வைத்து, ‘மிதக்கும் சக்தி’ என்ற பொருளில் அதற்கொரு பெயரும் சூட்டியது. அந்த உரிமையை வாங்கிய பிரான்ஸின் சிட்ரோயன் கம்பெனி, தண்ணீரில் மிதக்கும் அன்னப் பறவையையே அடையாளமாக வைத்துக்கொண்டது!

ஆனால், அன்னத்துக்கும் மூப்பு உண்டல்லவா? குக்கர் வளையம் நாளடைவில் கெட்டியாகி வெடிப்பதுபோல, எஞ்சின் சூட்டினாலும் கசியும் எண்ணெயினாலும் மவுண்டிங் ரப்பர் கெட்டுவிடும். அடையாளங்கள் இவை: நிற்கும்போது அதிகமான உதறல், ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் ‘டொக்’கென்று ஓர் இடி, கியர் மாற்றினால் ஒரு வெட்டு. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளுக்குச் சிறிது ஆட்டம் பிறவிக் குணம். முன்பைவிட அதிகமாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பார்க் பிளக் கெட்டாலும் உதறும். எனவே அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பரீட்சைக்கு இருவர் வேண்டும். பானெட்டைத் திறந்து, கை பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, கால் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளச்சை மெல்ல விட்டு, வண்டி இழுக்கத் தொடங்கும்போதே மறுபடி மிதிக்க வேண்டும். ரிவர்ஸ் கியரிலும் அப்படியே. மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சுழலும் பெல்ட்டுக்குப் பட்டும் பருத்தியும் ஒன்றுதான்!

“அடேயப்பா! எஞ்சின் எழுந்து நின்று கும்பிடுகிறதே!” என்று நீங்கள் கூவினால், நோய் தெரிந்துவிட்டது. சற்றே அசைவது சகஜம். ஒரு பக்கமாக எம்பிப் பொத்தென்று விழுந்தால் மவுண்டிங் போய்விட்டது என்று அர்த்தம்.

மேலிருந்தே கைக்கு எட்டும் மவுண்டிங்கானால், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலேயே மாற்றிவிடலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, இரண்டுக்கும் நடுவே அகலமான மரப்பலகை ஒன்றைக் கொடுங்கள். எந்த இடத்தில் முட்டுக் கொடுக்கலாம் என்பதை அந்த மாடலுக்குரிய ஒர்க்‌ஷாப் புத்தகம் சொல்லும். மவுண்டிங்கின் மீதுள்ள பாரம் விலகும் வரை உயர்த்தினால் போதும். அதற்கு மேல் போனால் ஹோஸ் குழாய்கள் இழுபடும்.

பழையதைக் கழற்றியதும் புதியதோடு சேர்த்துப் பிடித்து, உயரமும் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே திருகிவிட்டு, பிறகு முடுக்குங்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கழற்ற வேண்டும். எண்ணெய்க் கசிவை முதலில் நிறுத்தாவிட்டால் புது ரப்பரும் பழைய ரப்பரின் கதியை அடையும். டயர்த் துண்டைச் செருகிச் சமாளிப்பது சிக்கனமல்ல.

இனி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் யாரும் நுழையக் கூடாது. செங்கல்லை நம்பியும் நுழையக் கூடாது. அது பாரம் தாங்காமல் நொறுங்கிவிடும். மவுண்டிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலை விடவும் கூடாது. அடியிலிருந்துதான் எட்டுமென்றால், கியர் பாக்ஸ் மவுண்டிங் பல வண்டிகளில் அப்படித்தான், வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அங்கே மிச்சமாகும் கூலி ஓர் உயிருக்கு ஈடாகாது.

மெக்கானிக்கிடம் போனாலும் நஷ்டமில்லை. “வண்டி ஆடுகிறது” என்று மொட்டையாகச் சொன்னால், எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று பயமுறுத்தக்கூடும். “எந்த மவுண்டிங் போயிருக்கிறது, காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையே தனி!