நெய்யாற்றின்கரை ஊர்ப்பெயர்களும் உரைத்தொகுப்பிக் கட்டளைகளின் வரிசையும்

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் அதிலுள்ள பாறசாலையும் கேரளத்தில் நின்றன. அதனால் இப்பகுதி ஊர்ப்பெயர்கள் இரு எழுத்துகளில் வழங்குகின்றன. மலையாளப் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும்போது ஓரெழுத்து பிறழினும், ஓரூர் இரண்டூராகத் தோன்றும். பட்டியல் நீளமாயின் மொழிபெயர்ப்பாளர் உரைத்தொகுப்பியில் தாமே கட்டளைகளை எழுதிக்கொள்வது இயல்பு. அக்கட்டளைகளை எவ்வரிசையில் அமைப்பது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

யூனிகோடு முறையில் மலையாளக் ககரத்தின் எண் 3349. தமிழ்க் ககரத்தின் எண் 2965. இரு மொழிகளின் இணையெழுத்துகள் பெரும்பாலும் இதே 384 இடைவெளியில் அமைந்துள்ளன. எனவே ஒவ்வோர் எண்ணிலும் 384ஐக் கழிக்கும் ஒரே கட்டளை போதும் என்று தோன்றும். போதாது. 2008இல் தனிக் குறியீடு பெற்ற சில்லெழுத்துகளே முதல் தடை. ணகரச் சில்லின் எண் 3450. கழித்தால் 3066, அதாவது தமிழின் எண் குறி. 'பெண்குட்டி' என்னும் மலையாளச் சொல் 'பெ௺குட்டி' ஆகிவிடும்! னகரச் சில்லுக்கோ எதிரே தமிழெழுத்தே இல்லை. நெய்யாற்றின்கரை நடுவில் வெற்றுக் கட்டத்துடன் நிற்கும். 2008க்கு முந்தைய உரைகளில் சில்லெழுத்து, மெய்யுடன் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறியும் சேர்த்து எழுதப்பட்டது. ஆகவே பழைய வடிவத்தைப் புதியதாக்கும் கட்டளை அனைத்திற்கும் முன் இயங்க வேண்டும்.

அடுத்தது 'ன்ற' என்னும் கூட்டெழுத்து. மலையாள ஆறாம் வேற்றுமையில் இது மிகுதியாக வரும். இதன் குறியீட்டில் னகரச் சில்லுக்குப் பின் சந்திரக்கலை ஒன்றும் உண்டு. சில்லுக் கட்டளை முந்திக்கொண்டால் புள்ளி இரண்டாகும். கூட்டெழுத்துக் கட்டளை முந்தினால் இடரில்லை. கட்டளைகள் ஒவ்வொன்றும் தனியே பிழையற்றிருந்தும் வரிசையால் மட்டுமே கெடுவதற்கு இது நல்ல சான்று.

மலையாளத்தில் நகர, னகரங்களுக்கு உயிர்மெய் வடிவம் ஒன்றே. சொல்முதலிலும் தகரத்தின் முன்னும் ந, பிற இடங்களில் ன என விதி செய்யலாம். ஆயினும் அது திருநெல்வேலியைத் 'திருனெல்வேலி' ஆக்கும். விளவங்கோடு மலையாளத்தில் சந்திரக்கலையில் முடிவதால், தமிழில் 'விளவங்கோட்' என வரும். இறுதி வல்லின மெய்யுடன் உகரம் சேர்க்கும் கட்டளை இக்குற்றியலுகரத்தை மீட்கும். 'ரோட்' என்பதும் 'ரோடு' ஆகும், அதில் தமிழுக்கு மறுப்பில்லை. வல்லினம் என்னும் வரையறையை நீக்கினாலோ 'பஸ்' 'பஸு' ஆகிவிடும். 'நெய்யாற்றின்கர' என்பதன் ஈற்றகரத்தை ஐகாரமாக்கும் பொதுவிதி இன்னும் இடரானது. அது 'கேரள அரசு' என்பதைக் 'கேரளை அரசு' ஆக்கும். 'பாறஶ்ஶால' பாறசாலை ஆவதற்கும் ஒலிவிதி உதவாது.

இத்தகையவை விதியாகா, பட்டியலாகவே இருத்தல் வேண்டும். ஊர்ப்பெயர்களை இரு பத்திகளில் தனிக் கோப்பாக வைத்து, இறுதிக் கட்டளை அதைப் படிக்குமாறு செய்தால், நிரல் அறியாத மொழிபெயர்ப்பாளரும் அதைத் திருத்தலாம்.

ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் தோற்றமும் இவ்வகைச் சிக்கலிலிருந்தே எழுந்தது. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்னும் தொகுப்பிக்கு அவரவர் தனித்தனியே கட்டளைத் தொகுதிகள் எழுதினர். ஒருவருடையது மற்றவருக்கு விளங்கவில்லை. 1976இல் கை ஸ்டீல் தொடங்கி, ரிச்சர்டு ஸ்டால்மன் தொடர்ந்த ஒருங்கிணைப்பே ஈமாக்ஸ் ஆயிற்று. ஆகவே கட்டளையின் பெயர் அதன் செயலைச் சொல்ல வேண்டும்: 'சில்லுமாற்று', 'ஈற்றுகரம்' என்பன போல. 'மாற்று1', 'மாற்று2' என்ற பெயர்கள் ஆறு திங்களுக்குப் பின் எழுதியவருக்கே விளங்கா. வரிசை ஓரிடத்தில் மட்டும், ஒரே தலைமைக் கட்டளையில், காரணக் குறிப்புடன் எழுதப்பட வேண்டும். கட்டளை ஒன்றைத் திருத்தும்போதெல்லாம் மேற்கண்ட ஊர்ப்பெயர்களைச் செலுத்திப் பார்ப்பது நன்று.

மூலப் பத்தியை ஒருபோதும் அழிக்கலாகாது. மலையாளத்தின் நால்வகைக் ககரமும் தமிழில் ஒரே ககரமாகிவிடுவதால், தமிழ் வடிவிலிருந்து மலையாள வடிவத்தை எந்தக் கட்டளையாலும் மீட்க இயலாது.