டெல்டாவின் செய்தியை யார் எழுதுவது?

ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்குத் தஞ்சை விவசாயிகள் வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இந்தக் குறுகிய கால ரகம் 1960-களின் நடுவில் வெளிவந்தது. அதை எப்படி நடுவது, எவ்வளவு உரம் போடுவது, பூச்சிக்கு என்ன செய்வது என்றெல்லாம் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. கேட்டவர்கள் விதைத்தார்கள். ஒரு நெல்லுக்கே வானொலியின் பெயர் ஒட்டிக்கொண்டது என்றால், இந்த மண்ணில் ஊடகத்தின் பலம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம்.

விளைச்சல் கூடுகிறதே, கூலி நெல்லும் கூட வேண்டாமா என்று சேற்றில் இறங்கி வேலை செய்தவர்கள் கேட்டதும் அதே ஆண்டுகளில்தான். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். புது நெல்லின் பெருமையைச் சொல்ல ஊடகம் இருந்தது. அந்த நெல்லை அறுத்தவரின் கணக்கை அவர் பக்கம் நின்று எழுத, செய்தி அறைகளில் அவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்?

இன்று அதே கேள்வி வேறு உருவத்தில் நம் வீடுகளுக்கு வருகிறது. பிளஸ் டூ முடித்த மகள், "நான் விஸ்காம் படிக்கட்டுமா?" என்கிறாள். பட்டம் முடித்த மகன், "இதழியல் மேற்படிப்பு போகட்டுமா?" என்கிறான். "படிச்சா வேலை கிடைக்குமா?" என்று அப்பா கேட்கிறார். நடவுக்கும் அறுப்புக்கும் போய்ச் சேர்த்த காசில் படிக்கவைக்கும் குடும்பம் அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும் என்றால், முதலில் செய்தி அறையின் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

1996-இல் அமெரிக்காவின் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் டெல்லி நிருபர் கென்னத் கூப்பர், தலித் பத்திரிகையாளர் ஒருவரின் கருத்து வேண்டும் என்று மூத்த பத்திரிகையாளர் பி.என்.உனியாலிடம் கேட்டார். உனியாலுக்கு ஒருவரைக்கூடத் தெரியவில்லை. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களின் பட்டியலை எடுத்துத் தேடினார். 454 பேரின் பெயரோடு சாதிப் பெயர் இருந்தது. அவர்களில் தலித் யாரும் இல்லை. மீதி 232 பேரில் 47 பேரைத் தொடர்புகொண்டு கேட்டார். அதிலும் ஒருவரும் இல்லை. தன் தேடலை அவர் 'பயனியர்' நாளிதழில் கட்டுரையாக எழுதினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2006-இல் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் குறித்து ஓர் ஆய்வு நடந்தது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட அதில் இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட அறிக்கை 121 தலைமைப் பொறுப்புகளை எண்ணியது. 106 இடங்களில் உயர்த்தப்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் யாரும் இல்லை.

இவை தேசிய ஊடகங்களின் கணக்குகள். கீழ்மட்டத்தில் நம் பிள்ளைகள் நிருபர்களாக, புகைப்படக்காரர்களாக, ஒளிப்பதிவாளர்களாக வேலை செய்யத்தான் செய்கிறார்கள். ஆனால் எது தலைப்புச் செய்தி, எது உள்பக்கத்தில் நான்கு வரி என்று முடிவெடுக்கும் நாற்காலி தூரத்தில் இருக்கிறது. ஊர்வலமாக வந்து குடியிருப்பைத் தாக்கிய சம்பவம் மறுநாள் 'இரு தரப்பினரிடையே மோதல்' ஆவது அந்த நாற்காலியில்தான்.

கேட்டுக் கிடைக்காததை நடத்திக் காட்டியவர்கள்

எழுதத் தெரியாத சமூகம் என்று நம்மை யாரும் சொல்லிவிட முடியாது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைச் சென்னை ராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்தார். மறுஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலில் வேலைக்குப் போயிருந்த நம் மக்கள் அதை வாங்கிப் படித்தார்கள். அவர் மறைந்த பிறகு தங்கவயலிலிருந்தே அந்த இதழ் மீண்டும் வந்தது.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். 'ஊமைகளின் தலைவன்' என்பது அந்தப் பெயரின் பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். இதழ் வெளிவருகிறது என்று காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோதுகூட 'கேசரி' பத்திரிகை மறுத்துவிட்டது என்பதை அம்பேத்கரே பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். தமிழில் 1997-இல் தொடங்கிய 'தலித் முரசு'வும் இந்த வரிசையில் வந்ததுதான்.

இவர்களுக்கு ஊடகப் பட்டம் கிடையாது. இன்று பட்டம் படிக்க வாய்ப்பு இருக்கிறது. அதைக் கண் திறந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

எங்கே படிப்பது, யார் செலவில்?

டெல்டாவுக்குள்ளேயே ஒரு நல்ல வாசல் உண்டு. திருவாரூர் அருகே நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை இருக்கிறது. முதுகலைப் படிப்புக்கு நாடு தழுவிய 'க்யூட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடஒதுக்கீடு உண்டு. நம் ஊர்ப் பக்கத்தில் இருந்தாலும் போட்டி நாடு முழுவதிலிருந்தும் வருகிறது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலேயே தயாராக வேண்டும். திருச்சிக் கல்லூரிகளில் விஸ்காம் பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களில் இதழியல், தொடர்பியல் துறைகள் உள்ளன. சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தலித், பழங்குடி மாணவர்களுக்கு முழு உதவித்தொகை இடங்கள் வைத்திருக்கிறது. தமிழக அரசும் 2025-இல் சென்னையில் இதழியல் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியுள்ளது.

பட்டப்படிப்பில் விஸ்காம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதழியல் முதுகலைப் படிப்புகள் பலவற்றில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். பக்கத்து அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் தமிழோ பொருளாதாரமோ வரலாறோ படித்துவிட்டு, பிறகு இதழியலுக்குப் போவது பணம் இல்லாத வீட்டுக்கு நல்ல வழி. பாதியில் மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் கல்லூரி திறக்கும் முன்பே தயாராக வைத்திருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் பட்டப்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தங்க இடம் வேண்டும் என்றால் அரசு விடுதிகள் உள்ளன.

தனியார் கல்லூரியில் சேரும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கேமரா எத்தனை இருக்கிறது, அதை மாணவர் கையில் கொடுக்கிறார்களா? மாணவர்கள் நடத்தும் பத்திரிகை உண்டா? செய்தி நிறுவனத்தில் பயிற்சிக்குக் கல்லூரி அனுப்புகிறதா? மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள்.

பட்டத்துக்குப் பிறகு

தனியார் ஊடகத்தில் இடஒதுக்கீடு கிடையாது. பல வேலைகளுக்கு விளம்பரமும் வராது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைச் சொல்கிறார். உள்ளே நம்மவர் இல்லாத இடத்தில் நமக்காகச் சொல்ல ஆள் இல்லை. இங்கே சாதிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே கதவு மூடிக்கொள்கிறது. அதனால்தான் படிக்கும் காலத்தில் செய்யும் பயிற்சி மதிப்பெண்ணைவிட முக்கியம். ஒரு மாதம் செய்தி அறையில் உட்கார்ந்தவரின் வேலையை நாலு பேர் பார்த்திருப்பார்கள். விடுமுறையில் நடவு வேலைக்கோ திருப்பூருக்கோ போக வேண்டிய பிள்ளைக்கு அந்த ஒரு மாதம் பெரிய இழப்பு. ஊரில் படித்து வேலைக்குப் போனவர்கள் சேர்ந்து அந்த மாதச் செலவை ஏற்றுக்கொண்டால், அதைவிடப் பயனுள்ள உதவி இல்லை.

தாலுகா அளவில் பகுதி நேர நிருபராவது எளிது. ஆனால் அந்த வேலையின் பொருளாதாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் நிலையான சம்பளம் இல்லை. வெளியான செய்திக்கு ஒரு தொகை, விளம்பரம் பிடித்தால் கமிஷன். விளம்பரம் கொடுப்பவர்கள் நகைக்கடைக்காரர், அரிசி ஆலை முதலாளி, தனியார் பள்ளித் தாளாளர், கட்சிப் பிரமுகர். அவர்களோடு உறவும் பழக்கமும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குக் கமிஷன் வருகிறது. கூலிக்காரர் மகன் யாரிடம் போய்க் கேட்பார்? கேட்டு வாங்கிய பிறகு அந்த முதலாளிக்கு எதிரான செய்தியை எப்படி எழுதுவார்? பகுதி நேர வேலையை அனுபவத்துக்காகச் செய்யலாம். வாழ்க்கையே அதுதான் என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

இடஒதுக்கீடு உள்ள வழிகளையும் விடாதீர்கள். தமிழக அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை, மத்திய அரசின் இந்தியத் தகவல் பணி ஆகியவை அரசு வேலைகள். இதழியலில் 'நெட்' தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகலாம். வகுப்பறையில் நம் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அடுத்து வரும் பிள்ளைக்குப் பயிற்சி இடம் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளை இரவுப் பணி இருக்கும் வேலைக்கு அனுப்பத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002-இல் கிராமத்துப் பெண்கள் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். தலித் பெண்கள் பலர் அதில் நிருபர்கள். மணல், மருத்துவமனை, காவல் நிலையம் எதையும் அவர்கள் விடவில்லை. அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சொந்த ஊரை, சொந்தப் பேச்சுமொழியில் எழுதித்தான் அவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

நம் துயரத்துக்கு மட்டும் நிருபரா?

உள்ளே நுழைந்த பிறகு இன்னொரு பொறி இருக்கிறது. வன்கொடுமை நடந்தால் நம் பிள்ளையை அனுப்புவார்கள்; காவிரி நீர், பட்ஜெட், தேர்தல் என்றால் வேறொருவர் போவார். வன்கொடுமைச் செய்தியை நாம்தான் ஒழுங்காக எழுதுவோம் என்பது உண்மை. வழக்கு எந்தப் பிரிவில் பதிவானது, நிவாரணத் தொகை வந்ததா என்று விடாமல் கேட்போம். ஆனால் டெல்டாவின் பெரிய செய்திகள் எல்லாமே நம் செய்திகள்தான்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்பது நடவு ஆளுக்கு எத்தனை நாள் கூலி என்ற செய்தியும்கூட. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை தேங்குகிறது. அங்கே சுமை தூக்குபவருக்கு அன்று வேலை என்ன ஆனது? பயிர்ச் சேத நிவாரணம் அடங்கல் பதிவைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. அந்த வயலில் வேலை இழந்தவர் எந்தப் பட்டியலில் வருகிறார்? அறுவடை இயந்திரம் வந்த பிறகு பெண்களின் வேலை நாள் எவ்வளவு குறைந்தது? களத்து மேட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் தானாக வரும். மற்றவர்கள் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் இருக்கும் இந்த அறிவுக்கு மதிப்பெண் பட்டியலில் இடம் இல்லை. செய்தி அறையில் நிச்சயம் இடம் உண்டு.

வேலைக்காகக் காத்திருக்காமல் இன்றே தொடங்கலாம். தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டச்சு செய்யப் பழகுங்கள். தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மொழிபெயர்க்கத் தெரிந்தவர்களைச் செய்தி அறைகள் எப்போதும் தேடுகின்றன. 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள்: உங்கள் குடியிருப்பின் சுடுகாட்டுப் பாதைக்கு எவ்வளவு நிதி ஒதுக்கினார்கள், என்ன செலவானது? வரும் பதிலை வைத்து முந்நூறு சொல்லில் ஒரு செய்தி எழுதுங்கள். பெயர், தேதி, தொகை, இரு பக்கத்தாரின் விளக்கம் எல்லாம் சரியாக இருக்கட்டும். அப்படி இருபது செய்திகள் சேர்ந்தால், நேர்முகத் தேர்வில் அந்தக் கோப்பு உங்களுக்காகப் பேசும்.

"படிச்சா வேலை கிடைக்குமா?" என்ற அப்பாவுக்கு இதுதான் பதில்: பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. செலவு குறைந்த படிப்பு, ஒரு மாதப் பயிற்சி, கையில் இருபது செய்தி, இவை மூன்றும் சேர்ந்தால் வழி உண்டு. போகட்டும், எழுதட்டும். ஆடுதுறை 27-ஐப் பற்றி அன்று வானொலி சொன்னது. அடுத்த நெல்லைப் பற்றி எழுதும்போது, அதை நட்ட கையின் கூலியையும் சேர்த்து எழுத நம் வீட்டில் ஆள் இருக்கட்டும்.