மடி மாறும் மழலைகள்

வலப்பனைப் பிரதேசத்தில் இராகலை, உடப்புசல்லாவை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், பனி விலகுமுன்னரே அடுப்புகள் புகையத் தொடங்கிவிடுகின்றன. ரொட்டி சுட்டு, தேநீர் வார்த்து, கொழுந்துக் கூடையுடன் மலைக்குப் புறப்படும் அன்னைக்கு இன்னுமொரு கடமை உண்டு. இடுப்பிலிருக்கும் மழலையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டே அவள் செல்லவேண்டும். பிள்ளையோ பற்றிய சேலையை விடுவதில்லை. இந்த ஐந்து நிமிடப் பிரிவைப் பலரும் அற்பமெனக் கருதுகின்றனர். அது அற்பமன்று என்பதை எடுத்துக்கூறவே இதனை எழுதுகிறோம்.

முன்னாளில் பிள்ளைக் காம்பரா என்பது பெரும்பாலும் ஒரு காவலிடமே. ஏணைகள் தொங்கும் ஓர் அறை, பார்த்துக்கொள்ள ஓர் ஆயம்மா, அவ்வளவுதான். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. அதே ஆண்டில் உருவான அமைப்பே இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்குகிறது. பழைய பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியதில் இந்நிதியத்துக்குப் பெரும் பங்குண்டு. பெயர் மாறியது, பல இடங்களில் கட்டிடமும் மாறியது. ஆயினும், முதல் நாள் காலையில் வாசலில் நின்றழும் குழந்தையின் துயரம் மட்டும் மாறவில்லை.

அத்துயரம் யாது? 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ரொபர்ட்சன் என்பவர் ஒரு திரைப்படம் எடுத்தார். எட்டு நாட்கள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் முகத்தை அப்படம் பதிவு செய்தது. அவரும் ஜோன் போல்பி என்ற மனநல மருத்துவரும் கண்டறிந்த உண்மை இது: தாயைப் பிரிந்த குழந்தை முதலில் அழுது எதிர்க்கும், பின்னர் சோர்ந்து ஒடுங்கும், அதன் பின்னர் எதையும் பொருட்படுத்தாததுபோல் அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கண்டு, 'பிள்ளை பழகிவிட்டது' என்று பெரியவர்கள் மகிழ்ந்தனர். உண்மையில் குழந்தை பழகவில்லை, நம்பிக்கையைத்தான் இழந்திருந்தது. 1959இல் வெளியான பிளற் குழுவின் அறிக்கை, மருத்துவமனையிலுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் தடையின்றிச் சென்று பார்க்க இடமளிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

மாலையில் தாயின் கைக்குத் திரும்பும் குழந்தையின் பிரிவு அத்துணைக் கொடியதன்று. எனினும் அதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. அழும் பிள்ளையைவிட, ஒரு மூலையில் ஒடுங்கி, உண்ணாமல், விளையாடாமல் இருக்கும் பிள்ளையையே ஆசிரியை முதலில் கவனிக்கவேண்டும்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். விசயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். இடைக்கால ஐரோப்பாவில் வாழ்ந்த யூதரிடையேயும் இதையொத்த வழக்கம் இருந்தது. தந்தை குழந்தையைத் துணியாற் போர்த்திச் சுமந்து சென்று ஆசிரியரின் மடியில் அமர்த்துவார். எழுத்துக்கள் பொறித்த பலகையில் தேன் தடவப்படும். பிள்ளை அதனை நக்கிச் சுவைக்கும். தேசமும் சமயமும் வேறாயினும் கருத்து ஒன்றே. குழந்தை கல்விக்குள் செல்லும் வழி, ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குச் செல்லும் வழியாகும். இடையிலே தரையில் விழ விடலாகாது.

இனி, செய்யவேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, சொல்லாமல் மறைவது கூடாது. பிள்ளை விளையாட்டில் ஆழ்ந்திருக்கும்போது நழுவிவிடுவது எளிது. ஆனால் திரும்பிப் பார்த்து அம்மாவைக் காணாத குழந்தை, மறுநாள் ஒரு கணமும் சேலையை விடாது. முத்தமிட்டு, 'போய்விட்டு வருகிறேன்' என்று கூறியே செல்லவேண்டும். அழுகை வரத்தான் செய்யும். ஆனால் நம்பிக்கை கெடாது.

இரண்டாவது, மழலைக்குக் கடிகாரம் தெரியாது. 'பன்னிரண்டு மணிக்கு வருவேன்' என்பதில் அதற்குப் பொருளில்லை. 'பகல் கொழுந்து நிறுத்ததும் வருவேன்', 'நீ சோறு தின்று தூங்கி எழுந்ததும் வருவேன்' என்றால் விளங்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது அதனினும் முக்கியம்.

மூன்றாவது, 'குழப்படி செய்தால் ரீச்சரிடம் பிடித்துக் கொடுப்பேன்' என்று வீட்டில் மிரட்டலாகாது. பகைவர் வீடென்று நாமே சொல்லிவைத்த இடத்துக்குப் பிள்ளை எங்ஙனம் மகிழ்ந்து செல்லும்?

ஆசிரியைக்கும் ஆயம்மாவுக்கும் உரியவை சில உண்டு. நாள்தோறும் ஒருவரே வாசலில் நின்று பிள்ளையை ஏற்கவேண்டும். குனிந்து, அதன் கண்ணை நோக்கிப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். தண்ணீருக்கும் வயிற்றுவலிக்கும் வீட்டில் என்ன சொல் வழங்குகிறதோ அதனைக் கேட்டறிந்துகொள்ளவேண்டும். தாய்மொழி வேறாயின் இது இன்னும் அவசியம். அம்மாவின் பழைய சேலைத்துண்டொன்றைப் பிள்ளை கையில் வைத்திருந்தால் பறிக்கவேண்டாம். அது அதற்குத் துணை. 1907இல் ரோமாபுரியில் தம் முதற் பள்ளியைத் தொடங்கி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மொண்டிசோரி அம்மையார் காட்டிய வழியும் ஒன்றுண்டு. தண்ணீர் ஊற்றுதல், துணி மடித்தல் போன்ற சிறு வேலைகளைக் குழந்தையிடம் கொடுத்தால், கையோடு மனமும் அவ்விடத்தில் ஊன்றும். எழுத்துக்கு அவசரமில்லை; அதற்கு முதலாம் வகுப்பு இருக்கிறது.

முதற் சில நாட்கள் தாய் சிறிது நேரம் உடனிருப்பது நன்று எனக் கல்வியாளர் கூறுவர். ஆனால் தோட்டத்துத் தாய்க்கு இது எளிதோ? பிந்தி மலைக்குச் சென்றால் அரைப் பெயர்தான் கிடைக்குமோ என்று அவள் அஞ்சுகிறாள். அப்பாயியோ அம்மாயியோ அந்நாட்களில் உடனிருக்கலாம். எல்லா வீட்டிலும் பாட்டி இருப்பதில்லை. ஆகவே, புதிதாகப் பிள்ளை சேர்க்கும் தாய்க்கு முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வரவேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் குறையும் கொழுந்து சிறிது; அதனால் தேறும் குழந்தையின் மனம் பெரிது.

மாலையில் அம்மாவைக் கண்டதும் பிள்ளை விம்மினால் வருந்தவேண்டாம். பகலெல்லாம் அடக்கிய துயரை உரியவரிடம் அது சொல்கிறது. பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறிவிடும். அதன் பின்னும் உணவும் உறக்கமும் குன்றினால் மருத்துவமாதுவிடம் காட்டவேண்டும்.

பெற்றோர்களே, 'அம்மா போனால் திரும்பி வருவாள்' என்பதே மழலை கற்கும் முதற் பாடம். அதனைச் செவ்வனே கற்ற பிள்ளைக்கு அகரம் கற்பது அரிதாகாது.