ஈரத்தைப் பாக்கெட்டில் அடைக்க வேண்டுமா?

விருத்தாசலத்தின் பீங்கான் பொம்மைப் பட்டறைகளில் அச்சு வார்ப்பதைப் பார்ப்பது நல்ல அறிவியல் பாடம். களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் அச்சின் சுவர் குழம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரை ஒட்டி மண் ஏடாகப் படியும். மிச்சக் குழம்பை வெளியே கவிழ்த்துவிட்டு, ஏடு இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்கூடான பிள்ளையார் பொம்மை கைக்கு வந்துவிடும். தண்ணீரை இழுக்க அங்கே எந்த இயந்திரமும் இல்லை. அச்சிலுள்ள நுண்துளைகள் தாமே இழுக்கின்றன. பாடப்புத்தகத்தில் நுண்புழை ஏற்றம் என்று படிப்பது இதைத்தான்.

கடலூர் மாவட்டத்து இந்த ஊர் பீங்கானுக்குப் பெயர்பெற்றதில் மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள படிவங்களில் களிமண் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைக் கற்றுத்தரும் அரசுப் பயிலகமும் இருக்கின்றன. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பலவும் இங்கே சூளையில் வெந்து வெளியூர் போகின்றன.

அச்சு செய்யும் அதே வேலையை வீட்டுக் கொடியில் காயும் இன்னொரு பொருளும் செய்கிறது. பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சிறு சதுரத் துணி அது. குழந்தைக்குக் கால் கழுவிய பின் ஒற்றி எடுக்கவும், கக்கிய பாலைத் துடைக்கவும் தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த துணி. மருந்துக் கடைகளில் ‘பேபி வைப்ஸ்’ பாக்கெட்டுகள் அடுக்கப்பட்ட பிறகு பல வீடுகளில் அது காணாமல் போய்விட்டது. அதைத் திரும்ப எடுத்துவைக்க வலுவான அறிவியல் காரணங்கள் இருக்கின்றன.

நூலுக்குள் ஓடும் தண்ணீர்

பருத்தி இழை ஏறக்குறைய முழுதும் செல்லுலோஸ். அதன் மூலக்கூறில் வரிசையாக அமைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. பாலியெஸ்டர் வாங்குவது அரை சதவீதத்துக்கும் குறைவு. இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள சந்துகளோ அச்சின் துளைகளைப் போலவே தண்ணீரை உள்ளே இழுக்கின்றன.

புதுக் காடாத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது முத்தாகத் திரண்டு மேலேயே நிற்கும். பருத்தி இழையின்மீது இயற்கையாகவே மெழுகு படிந்திருக்கிறது. நெசவுக்காகப் பாவு நூலில் ஏற்றிய கஞ்சியும் சேர்ந்துகொள்கிறது. துவைக்கத் துவைக்க இரண்டும் போய்விடும். பல சலவை கண்ட வேட்டியில் விட்டால் அதே சொட்டு விழுந்தவுடன் பரவி மறைந்துவிடும். பிள்ளை பிறக்கும் முன்பே பழைய வேட்டியைத் தேடி எடுத்துவைத்த பாட்டிமார், மிருதுவான துணியோடு நன்றாக உறிஞ்சும் துணியையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார்கள்.

நனைந்தால் பருத்தி இழை இன்னும் வலுவாகும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். தயாரித்த நாள் முதல் ஈரத்திலேயே கிடக்கும் பாக்கெட் வைப்ஸ் பலவற்றில் விஸ்கோஸோடு பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையும் கலந்திருக்கிறது.

பாக்கெட்டுக்குள் இருப்பது

கடையில் விற்கும் வைப்ஸ் பெரும்பாலும் நெய்த துணி அல்ல. இழைகளைப் பரப்பி, உயர் அழுத்த நீர்த்தாரைகளால் ஒன்றோடொன்று பின்னச் செய்த விரிப்பு. அதில் ஏற்றும் திரவத்தில் மிகப் பெரும்பகுதி தண்ணீர்தான். சிக்கல் தொடங்குவதும் அந்தத் தண்ணீரில்தான். மூடிய பைக்குள் செல்லுலோஸும் தண்ணீரும் மாதக்கணக்கில் கிடந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும். அதனால் பதப்பொருள் சேர்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

அப்படிப் பரவலாகச் சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று மெத்தில் ஐசோதயசோலினோன். தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் நேர்வுகள் பெருகியதால், அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இதை 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் தடவியபின் கழுவாமல் விடும் பொருள்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வைப்ஸும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஈரத்துக்குள் கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014இல் அமெரிக்காவில் பர்க்கோல்டேரியா செபாசியா என்னும் பாக்டீரியா காணப்பட்டதால், பல பெயர்களில் விற்ற குழந்தை வைப்ஸ் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

இதை வைத்து எல்லா வைப்ஸும் கெடுதல் என்று பயமுறுத்துவது சரியல்ல. இங்கிலாந்தில் 280 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், ஒரு குறிப்பிட்ட வைப்ஸால் துடைத்த குழந்தைகளின் தோல் ஈரப்பதமும், பஞ்சாலும் தண்ணீராலும் துடைத்தவர்களின் தோல் ஈரப்பதமும் ஒன்றுக்கொன்று சமமாகவே இருந்தன. அதாவது, தோலின் ஈரப்பதத்தைப் பொறுத்தவரை வெறும் தண்ணீர் மட்டமல்ல என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. தண்ணீரைத் துடைக்கும் நேரத்தில் சேர்த்துக்கொண்டால் பதப்பொருளுக்கே வேலை இல்லை. துணியின் முதல் லாபம் இதுதான்.

தொடை இடுக்கு ஏன் வெந்துபோகிறது?

பிறந்த குழந்தையின் தோல் மேற்பரப்பு நடுநிலைக்கு அருகில் இருக்கும். அடுத்தடுத்த வாரங்களில் லேசான அமிலத்தன்மைக்கு வரும். அந்த அமிலத்தன்மைதான் தோலுக்குக் காவல். சிறுநீரும் மலமும் சேர்ந்து நெடுநேரம் தோலில் கிடந்தால், மலத்திலுள்ள பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. அமிலத்தன்மை குறைகிறது. உடனே மலத்திலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் வேகம் பிடித்துத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன.

ஆகவே எதனால் துடைக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் துடைக்கிறோம், எவ்வளவு மென்மையாகத் துடைக்கிறோம் என்பது முக்கியம். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். கடைசியில் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றிவிட வேண்டும்.

பீங்கான் வழுக்கும், குழாய் வழுக்காது

விருத்தாசலத்துக்குப் பக்கத்து வடலூரில் நெய்சர் ஆலை கழிப்பறைப் பீங்கான்களைச் செய்தது. அவற்றின் மெருகுப் பூச்சில் எதுவும் ஒட்டாது. தண்ணீர் ஊற்றினால் போட்ட வைப்ஸும் வழுக்கிப் போய்விடும். அடுத்துள்ள வளைகுழாயிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அது சிக்கிக்கொள்கிறது. செயற்கை இழை மட்குவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு அதைச் சுற்றித் திரண்டு கட்டியாகிறது. 2017இல் லண்டன் வைட்சாப்பல் சாக்கடையில் கண்டெடுத்த அப்படியொரு கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. பிளாஸ்டிக் கலந்த வைப்ஸ் விற்பனையைத் தடுக்கப் பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது. நம் ஊர்களில் இந்த அடைப்பை எடுக்க அழைக்கப்படுபவர் தூய்மைப் பணியாளர்தான். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்தும் அவருடைய ஆபத்து தீர்ந்தபாடில்லை. அந்த ஆபத்தைக் கூட்டும் எதையும் கழிப்பறையில் போடாமல் இருப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.

தைப்பது எப்படி?

பல சலவை கண்ட வெள்ளை வேட்டியோ மெல்லிய பருத்திச் சேலையோ போதும். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். புதுத் துணி வேண்டுமென்றால் கைத்தறிக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. வாங்கியதும் மூன்று நான்கு முறை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, சொட்டுத் தண்ணீர் சோதனை செய்து பார்க்கலாம்.

துணியை 20 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தில் ஓவர்லாக் அடித்தால் துடைப்பான் தயார். ஓரம் அடிக்காமல் விடக் கூடாது. பிரிந்து தொங்கும் ஒற்றை நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. விரல் சிவந்து வீங்கி, குழந்தை காரணம் தெரியாமல் அழும். ஆகவே ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் ஓரத்தைப் பார்த்து, நூல் பிரிந்ததை ஒதுக்கிவிட வேண்டும். வாய்க்கு ஒரு நிற நூல், பின்பக்கத்துக்கு வேறு நிற நூல் என்று தைத்துவிட்டால் இரண்டும் கலக்காது.

முப்பது துணி இருந்தால் ஒரு குழந்தைக்குத் தாராளம். நாளுக்கு எட்டு வைப்ஸ் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை ஆண்டில் 7,300 வைப்ஸ் குப்பைக்குப் போகும்.

துணியை உலர்ந்த நிலையிலேயே அடுக்கி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் சோப்பும் கலந்த நீரில் ஊறவைத்து டப்பாவில் மூடி வைப்பது சிலரின் வழக்கம். பதப்பொருள் இல்லாத பாக்கெட் வைப்ஸை வீட்டிலேயே தயாரிப்பதற்குச் சமம் அது. கிருமி வளர வசதி செய்து கொடுக்கும். பயணத்தில் ஒரு சிறு பாட்டில் தண்ணீரும், உலர்ந்த துணிக்கு ஒன்று, அழுக்குத் துணிக்கு ஒன்று என இரண்டு பைகளும் போதும்.

மஞ்சள் கறையும் வெயிலும்

அழுக்குத் துணியில் முதலில் படவேண்டியது பச்சைத் தண்ணீர். நேராக வெந்நீரில் போட்டால் மலத்திலுள்ள புரதம் உறைந்து கறை இழையோடு பிடித்துக்கொள்ளும். அலசிய பிறகு வெந்நீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நுரை போக நன்றாக அலச வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழைமேல் கொழுப்புப் படலம் பூசி உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும். கடின நீர் உள்ள வீடுகளில் சோப்புக் கட்டி கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாகத் துணியில் படியும். சலவைச் சோடா கொஞ்சம் சேர்த்தால் அது குறையும்.

இவ்வளவு செய்த பிறகும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் துணியில் மஞ்சள் கறை நிற்கும். பெரியவர்களின் குடலில் பாக்டீரியா பிலிருபினை உருமாற்றிவிடுகிறது. பச்சிளங்குழந்தையின் குடலில் அந்த பாக்டீரியா இன்னும் நிலைபெறாததால், பிலிருபின் மஞ்சளாகவே வெளியேறுகிறது. ஈரத் துணியை வெயிலில் விரித்தால் ஒளி அந்த மூலக்கூறைச் சிதைக்கிறது. கறை மெல்ல வெளுத்துவிடுகிறது.

இதே வேதியியல் உலகெங்கும் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றுகிறது. 1950களின் நடுவில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்னும் செவிலியர் மஞ்சள் காமாலைக் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோனார். ஒளி பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருந்ததை மருத்துவர்களுக்குக் காட்டினார். ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்தக் குழாயிலும் பிலிருபின் அளவு குறைந்திருந்தது தெரியவந்தது. 1958இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வெளியானது. ஒளிச் சிகிச்சை பிறந்தது. துணிக்கு வெயில் போதும். காமாலைக் குழந்தைக்கு மருத்துவமனையின் அளவான நீல ஒளியே வேண்டும்.

மழைக்காலத்தில் இந்த வசதி குறையும். மெதுவாக உலரும் துணியில் வரும் முடைநாற்றத்துக்குக் காரணம் மொராக்செல்லா என்னும் பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மின்விசிறிக்கடியில் உலர்த்திச் சூடான இஸ்திரி போட்டுவிடலாம். குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்றோ வயிற்றுப்போக்கோ இருந்தால் துணியைக் கொதிக்கவைக்க வேண்டும். மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

துவைக்கத் தண்ணீரும் மின்சாரமும் செலவாகுமே என்று கேட்பது நியாயம். டயப்பரையும் துணி நாப்கினையும் ஒப்பிட்டுப் பிரிட்டன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறையில் இரண்டின் கரிம வெளியீடும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. இயந்திரத்தில் உலர்த்தாமல் கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தியபோது துணியின் வெளியீடு 40 சதவீதம் குறைந்தது. அங்கே முயன்று செய்ய வேண்டியிருந்தது விருத்தாசலத்தில் அன்றாட வழக்கம்.

2015இல் தமிழக அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டும் நாப்கினும் அடங்கிய 16 பொருள்கள் இருந்தன. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார் துணியோடுதான் வீடு திரும்பினார்கள். உலர்ந்த துணியில் துடைக்கும் நேரத்தில் தண்ணீர் தொடுவது, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுவது, வெயிலில் காயவைப்பது, தொங்கும் நூலைப் பார்ப்பது ஆகிய நான்கையும் ஒரு பக்கத்தில் படம் போட்டு அச்சிட்டு அத்தகைய பெட்டகத்தில் வைக்க அதிகச் செலவாகாது. பேறுகால வார்டிலும் அங்கன்வாடியிலும் அந்தப் பக்கத்தை ஒட்டினால் இன்னும் பல வீடுகளுக்கு அது போய்ச் சேரும்.