புனலில் கொட்டிய அரிசி: சாலை அடைபட்டால் நெரிசல் எப்படி உண்டாகிறது?

வாய் குறுகிய பாட்டிலில் அரிசி நிரப்பிப் பாருங்கள். புனலை வைத்து, உழக்கைச் சற்றே சாய்த்து விட்டால் அரிசி சரசரவென இறங்கும். அவசரப்பட்டு உழக்கை அப்படியே கவிழ்த்தால், நாலைந்து மணிகள் புனலின் கழுத்தில் முட்டிக்கொண்டு வளைவு கட்டி நின்றுவிடும். மேலே அரிசி குவிந்து கிடக்கும். கீழே ஒரு மணிகூட விழாது.

2023 ஜூன் 11, ஞாயிறு காலை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஐ-95 நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில், பெட்ரோல் ஏற்றிவந்த டேங்கர் லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். வடக்கே போகும் பாலம் இடிந்து விழுந்தது. தெற்கே போகும் பாலமும் சேதமடைந்ததால் அதையும் இடிக்க வேண்டியதாயிற்று. நாளொன்றுக்குச் சுமார் 1,60,000 வண்டிகள் போய்வந்த சாலை அது. அத்தனை வண்டிகளும் பக்கத்துத் தெருக்கள் என்னும் சின்னப் புனல்களைத் தேடிப் போயின.

கழுத்தின் அளவு

நெடுஞ்சாலையில் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகளைத்தான் கடத்தும். மூன்று தடங்களில் ஒன்றை அடைத்தால் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்சும் என்று நினைப்போம். உண்மையில் பாதிதான் மிஞ்சுகிறது. தடம் மாறுபவர்களும், என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்க வேகத்தைக் குறைப்பவர்களும் மீதிக் கழுத்தையும் இறுக்கிவிடுகிறார்கள்.

திறந்த பிறகும் ஏன் நகரவில்லை?

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று தடச் சாலைக்கு மணிக்கு 5,000 வண்டிகள் வருகின்றன. ஒரு தடம் அடைபட்டதால் 3,000தான் கடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் 2,000 வண்டிகள் தேங்கிவிடும். தடத்தைத் திறந்ததும் மணிக்கு 6,000 கடக்கலாம். ஆனால் புதிதாக 5,000 வந்துகொண்டே இருக்கின்றனவே! தேக்கம் மணிக்கு 1,000தான் குறையும். ஒரு மணி நேர அடைப்பு கரைய இரண்டு மணி நேரம் ஆகிறது. நின்ற வண்டிகள் மெல்லத்தான் கிளம்பும் என்பதால் இன்னும்கூட நீளும்.

காரணமில்லாத நிறுத்தம்

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர் ஓர் இலையருகே நின்றால், பின்னால் ரசம் நிற்கும், அதன் பின்னால் மோர் நிற்கும். சாம்பார் நகர்ந்த பிறகும் அந்த நிறுத்தம் வாசல் பக்கமாகப் பின்னேறிக்கொண்டே போகும். சாலையிலும் ஒருவர் பிரேக் போட்டால் அந்த அலை மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில் பின்னோக்கி ஓடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓட்டவிட்டு, 2008இல் இதைக் காட்டினார்கள். அங்கே அடைப்பே இல்லை. ஆனாலும் நெரிசல் பிறந்தது.

மெல்ல ஊற்றுவது

பிலடெல்பியாவில் புறநகர் ரயில்களைக் கூட்டி, புனலில் விழும் அரிசியைக் குறைத்தார்கள். இடிந்த இடத்தை நிரப்ப, நெல்லைப் பொரித்தால் வரும் பொரிபோல, பழைய கண்ணாடியை உப்பவைத்துச் செய்த இலேசான கற்களைக் கொட்டினார்கள். மாதக்கணக்கில் ஆகும் என்று அஞ்சியிருந்த சாலையில், 12 நாளில் பக்கத்துக்கு மூன்று தடங்கள் திறந்தன.

நம் கையிலும் ஓர் உழக்கு இருக்கிறது. சாலை அடைப்புச் செய்தி கேட்டால் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்புவது, உழக்கைச் சாய்த்துப் பிடிப்பது. வரிசையில் சிக்கிக்கொண்டால் முன்வண்டியை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். தடம் முடியும் இடத்தில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று நுழையவிடுங்கள். நீங்கள் விட்ட அந்த இடைவெளியில்தான் பின்னால் நிற்கும் நூறு பேர் பிரேக்கில் காலை வைக்காமல் நகர்வார்கள்.