வெள்ளம் வடிந்த பின் உழவு இயந்திரத்தை உடனே இயக்கலாமா?

வெள்ளத்திற்குத் தப்பிச் சென்ற குடும்பம் ஊர் திரும்பியதும் முதலிற் பார்ப்பது கிணற்றை. அடுத்ததாகப் பார்ப்பது உழவு இயந்திரத்தை. சேற்றைக் கழுவி, பற்றறியைப் பூட்டி, ஒருமுறை இயக்கிப் பார்த்தால்தான் பலருக்கு மனம் ஆறும். ஆனால் அந்த அவசரமே இயந்திரத்துக்குக் கேடாகிவிடுவதுண்டு.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல கிராமங்கள் நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. பாடசாலைகளில் தங்கியிருந்த மக்கள் வீடு திரும்பியபோது நாமும் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். நான்கு குடும்பங்கள் கூட்டாக வாங்கிய பழைய மசி பேர்கசன் ஒன்று வேப்பமரத்தின் கீழ் நின்றது. பின்சில்லின் பாதிவரை சேற்று அடையாளம். இளைஞர் ஒருவர் இயக்க ஆயத்தமானார். நெடுங்காலம் சாரதியாக இருந்த முதியவர் தடுத்தார்.

"பொறு தம்பி, முதல் ஒயிலைப் பார்."

"எஞ்சினுக்குள்ள தண்ணி போகேல்லை ஐயா. அது உயரத்திலதானே."

"எஞ்சின் உயரத்தில எண்டா, பின்பெட்டி எங்க கிடக்கு?"

முதியவர் அடியிலுள்ள ஒயில் வடிக்கும் போல்ற்றை மெதுவாக இளக்கினார். முதலில் வந்தது ஒயில் அல்ல, கலங்கல் தண்ணீர். அரை வாளி தண்ணீர் வடிந்த பின்னரே ஒயில் வந்தது.

மசி பேர்கசன் 135, 240 போன்ற இயந்திரங்களில் கியர்பெட்டி, பின்னச்சு, கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். ஏறத்தாழ 30 லீற்றர் பிடிக்கும். ஹைட்ரோலிக் பம் பின்பெட்டிக்குள் அந்த ஒயிலிலேயே அமிழ்ந்திருக்கிறது. ஆகவே ஒயில் கெட்டால் கலப்பை தூக்காமற் போவது மட்டுமல்ல, கியர்களும் பெயாரிங்குகளும் சேர்ந்தே தேயும்.

தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது. இயந்திரம் அசையாமல் நிற்கும்போது அது அடியிலே தங்கும், இலகுவாக வடித்துவிடலாம். இயக்கிவிட்டாலோ, கியர்கள் இரண்டையும் கடைந்து பால்போல் வெளுத்த குழம்பாக்கிவிடும். அதன்பின் தண்ணீர் எளிதிற் பிரியாது. வெளுத்த ஒயில் பற்களுக்கிடையே வழுக்கிக் கொடுக்காது, இரும்பு துருப்பிடிக்கும். இதனாற்றான் முதியவர் சாவியைப் போட விடவில்லை.

வெள்ளம் படாத இயந்திரத்திலும் இது நேரலாம். ஆண்டுக்கணக்கில் மழையில் நின்றால், கியர்த்தடியின் அடியிலுள்ள வெடித்த றப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கும். இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற இயந்திரத்தை மீண்டும் எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஒயில் மாற்றும் முறை இது:

1. சமதரையில் நிறுத்துங்கள். சில்லுகளுக்குக் கல் வையுங்கள். தூக்கு கைகளை முற்றாக இறக்கிவிடுங்கள். தூக்கிய கலப்பையின் கீழ் ஒருபோதும் வேலை செய்யாதீர்கள்.

2. வழமையான மாற்றமாயின் சிறிது நேரம் ஓடி, ஒயில் சூடானபின் வடிப்பது நல்லது. தண்ணீர் கலந்த சந்தேகமிருந்தால் இயக்காமலே வடிக்கவேண்டும்.

3. வடிக்கும் போல்ற் ஒன்றோடு நின்றுவிடாதீர்கள். கியர்பெட்டியின் கீழும் பின்பெட்டியின் கீழும் பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றி, சொட்டு நிற்கும்வரை விடுங்கள்.

4. வடிந்த ஒயிலை விரல்களிடையே தேய்த்துப் பாருங்கள். நெருடினாலோ இரும்புத் துகள் மினுங்கினாலோ திருத்துநரிடம் காட்டவேண்டும். பம்மிலுள்ள வடிகட்டியையும் அவரைக்கொண்டு கழுவுவிப்பது நன்று.

5. போல்ற்றின் வாசர் நசிந்திருந்தால் மாற்றுங்கள். கியர்த்தடி றப்பரையும் மாற்றுங்கள். அது வெடித்தபடியே இருந்தால் அடுத்த மழையில் பழைய கதைதான்.

6. கைநூலிற் சொல்லப்பட்ட வகை ஒயிலையே விடுங்கள். கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பொதுவானது என்று கேட்டு வாங்குங்கள். மலிவென்று தடித்த 140ஆம் இலக்கக் கியர் ஒயிலை விட்டால் பம் அதை இழுக்கச் சிரமப்படும். பிரேக் ஒயிலுக்குள்ளேயே அமைந்த புதிய இயந்திரங்களில் பிழையான ஒயில் பிரேக்கையும் கெடுக்கும்.

7. மெதுவாக ஊற்றுங்கள். கியர்பெட்டிக்கும் பின்பெட்டிக்கும் இடையே ஒயில் பரவ நேரம் எடுக்கும். பின்னர் இயக்கி, தூக்கு கைகளைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். கைகளை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, அளவுக் கம்பியை மீண்டும் பாருங்கள்.

தண்ணீர் கலந்த இயந்திரத்துக்கு ஒருமுறை மாற்றுவது போதாது. மூலைகளில் ஒட்டிய ஈரம் புது ஒயிலோடு கலக்கும். சில மணித்தியாலம் ஓடியபின் பாருங்கள். மீண்டும் வெளுத்திருந்தால் மறுபடி வடிக்கவேண்டும். முதல் முறை குறைந்த விலை ஒயிலைக் கழுவுவதற்காகப் பாவித்து, இரண்டாம் முறை நல்லதை விடலாம். ஆனால் அதுவும் கைநூல் சொல்லும் வகையாகவே இருக்கட்டும். இயக்குமுன் எஞ்சின் ஒயில், டீசல் தாங்கி, காற்று வடிகட்டி ஆகியவற்றையும் பார்க்கத் தவறாதீர்கள்.

கடைசியாக, வடித்த ஒயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே போய்ச் சேரும். 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் பிரச்சினையாகி, மக்கள் குடிநீருக்கு பவுசரை எதிர்பார்த்து நின்றதை நாம் கண்டோம். பழைய ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, சேகரிக்கும் கராச்சில் ஒப்படையுங்கள். அடுப்பெரிக்கவும் பாவிக்காதீர்கள்.

நாம் சொன்ன அந்த இயந்திரத்துக்கு இரண்டு தடவை ஒயில் மாற்றவேண்டியிருந்தது. நான்கு குடும்பங்களும் பணத்தைப் பங்கிட்டன. கை வலித்தாலும், பின்பெட்டியைப் பிரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகையே. வெள்ளத்துக்குத் தப்பிய நெல்லை அறுத்தபோது மூடைகளை வீட்டுக்கு இழுத்து வந்தது அதே மிசின்தான். அன்று சாவியைக் கையில் வைத்திருந்த இளைஞரே இப்போது அயலாரிடம், "முதல் ஒயிலைப் பாருங்கோ" என்று சொல்லித் திரிகிறார்.